கோமான் கைதட்டுமுன்

ஊசியிலை மரங்கள் செறிந்த குன்றுகளுக்கு அப்பால் குளிர்காலத்துக் கதிரவன் தன் கடமையைப் பாதியிலே விட்டு நழுவிக்கொண்டிருக்க, ஓட்டுக் கூரைகளின்மேல் உறைந்த பனி செம்பொன் பூசினாற்போல் ஒளிர்ந்து மங்க, புகைபோக்கிகள்தோறும் எழுந்த விறகுப்புகையோடு வாத்து வறுபடும் மணமும் கலந்து தெருக்களில் தவழ, ஏர்லன்வால்டு என்னும் செருமானியத் தலைநகர் தன் கோமானின் பிறந்தநாளைக் கொண்டாடும்பொருட்டு அரங்கை நோக்கி அணியணியாய்ச் சென்றுகொண்டிருந்தது. தலைநகர் என்றேன், நகையாதீர், கற்றறிந்தோரே. காலையில் அவ்வூரைவிட்டுப் புறப்பட்ட குதிரை நண்பகலில் அயல்நாட்டுப் புல்லை மேயும். அத்துணைச் சிறிய நாடு. ஆளுதற்கு நிலம் போதாமையால் அங்கே கைதட்டலையும் ஆண்டனர்.

கோமான் வீற்றிருக்கும் அவையில் அவர் தட்டுமுன் எவரும் தட்டலாகாது என்பது அந்நாட்டு வழக்கம். இசை ஓய்ந்தபின் அவர் மூக்குப்பொடியை இழுத்து, தும்மி, துடைத்து, கையுறை அணிந்த இருவிரலால் மறு உள்ளங்கையைத் தொடும்வரை அவை முழுவதும் மூச்சடக்கிக் காத்திருக்கும். தொட்டபின்னரோ கூரை அதிர முழங்கும். ஆகவே நல்லிசை எது, புல்லிசை எது என்று ஆராயும் தொல்லை அக்குடிமக்களுக்கு இல்லாதிருந்தது.

அன்று தனித்து வயலின் வாசிக்க நின்றவன் லெபரெக்ட் வைன்மான். ஊர்க் குழலூதி ஒருவனுக்கு மகனாய்ப் பிறந்து, அரண்மனை இசைக்குழுவின் பின்வரிசையில் அமர்ந்து, தனக்கு மூத்தோரின் இசையேடுகளைப் புரட்டிக் கொடுத்தே இளமையின் பெரும்பகுதியைக் கழித்தவன். குழுத்தலைவர் மறைந்து அவ்விருக்கை வெறுமையாய்க் கிடந்தது. அன்றைய வாசிப்பைக் கேட்டே கோமான் அதனை யாருக்கு அளிப்பதென முடிவுசெய்வார். அவ்விருக்கையின்மேல் லெபரெக்ட் கொண்ட ஆசை, பசித்தவன் அடுத்த வீட்டு அடுப்பின்மேல் கொள்ளும் ஆசையை ஒத்தது.

அவன் மனைவி ஒட்டிலி, ஆற்றுக்கு அக்கரையில் மாவரைக்கும் ஆலைக்காரர் மகள். இசை கல்லாதவள், ஆயினும் அவளுடைய செவிக்குத் தப்பிப் பிழைத்த பிழை ஒன்றேனும் உண்டென நான் கேட்டதில்லை. அவன் கூடத்தில் வில்லை இழுத்துப் பழகுங்கால் அடுக்களையிலிருந்து குரல் வரும்.

"ஏங்க, மூணாவது விரல் தூங்குது பாருங்க! எழுப்பி விடுங்க!"

"நீ உருளைக்கிழங்கப் பாருடி, கருகுது!"

"கிழங்கு கருகுனா நாந்தான் திம்பேன். நீங்க கருக்குறத ஊரே கேக்கணுமே!"

அவன் தானே இயற்றிய அப்பாடலின் இறுதியில் செங்குத்தான ஓர் ஏற்றம் இருந்தது. இலையுதிர்காலம் முழுவதும் அவன் அவ்விடத்தில் சறுக்கி விழுந்தான். அவள் அடுக்களையில் கரண்டியை ஏந்தியபடி அவனோடு ஏறி, அவனோடு விழுந்தாள். பிறந்தநாளன்று அரங்கின் மேல்மாடத்தில் ஏழையர் நிற்குமிடத்தில் நின்று, கம்பியைப் பற்றியவளாய், அவன் அவ்வேற்றத்தை ஒரு சுரமும் சறுக்காமல் ஏறி முடித்ததைக் கேட்டாள். இறுதிச் சுரம் ஓய்ந்தது. கோமான் பொடிச்சிமிழைத் திறந்தார். ஆலைக்காரர் மகளின் கைகளோ தம்மை அறியாமலே தட்டிவிட்டன.

அக்கரைச் சிற்றூர்களில் ஆட்டப்பாட்டு முடியுமுன்பே காலாலும் கையாலும் மகிழ்ச்சியைக் கொட்டுவர். அவ்வொலிதான் அன்று பொன்முலாம் பூசிய அவ்வரங்கில் தனித்து ஒலித்தது. அவை உறைந்தது. கோமான் தலையைத் திருப்பி மேலே நோக்கினார்; பொடி எடுத்த விரல் பாதியில் நின்றது. அரண்மனை மேலாளர் வான் தோர்னாவ் காவலருக்குச் சைகை காட்டி, மேடைக்குப் பின்னே விரைந்து, லெபரெக்டை அங்கே அழைத்தார்.

"யாருய்யா அந்தப் பொம்பள? கோமான் தட்டுறதுக்கு முன்னாடி தட்டுறதா? இங்க என்ன கோழி ஏலமா போடுறோம்? உம்ம வீட்டு ஆளுன்னு எவனோ சொல்றான். உண்மையா?"

லெபரெக்டின் கையில் வயலின் இருந்தது. கண்முன்னே அவ்விருக்கை இருந்தது. வாயிலில் காவலர் இருவர் நடுவே ஒட்டிலி வந்து நின்றதை அவன் கண்டான். கண்டபின்னும் சொன்னான்.

"இல்லீங்க ஐயா. யாரோ... எனக்குத் தெரியாதவங்க."

அவள் அவனை ஒருமுறை முழுதாய்ப் பார்த்தாள். பின்னர் மேலாளரிடம், "ஆமாங்க, இவரு யாருன்னு எனக்கும் தெரியாது. பாட்டு நல்லா இருந்துச்சு, தட்டிட்டேன். பட்டிக்காடு பாருங்க, பழக்கம் தெரியல" என்றாள். காவலர் அவளைப் பின்வாயில் வழியே பனியில் தள்ளிக் கதவைச் சாத்தினர். இனி இவ்வரங்கிற்குள் அவளைக் கண்டால் கால்விலங்கு என்று மேலாளர் உரைத்தார். உள்ளே கோமான் தும்மி முடித்துத் தட்டினார், கூரை அதிர்ந்தது.

மறுநாட் காலை அவன் ரொட்டியைப் பிட்டவாறு, தட்டை நோக்கியே பேசினான்.

"ஒரு வார்த்ததான, ஒட்டிலி. பதவி கைக்கு வரட்டும், நானே எடுத்துச் சொல்லிச் சரி பண்ணிடுறேன்."

"பண்ணுங்க. சூப்பு ஆறுது."

இருக்கை வந்தது. சரிசெய்யும் நாள்தான் வரவில்லை. ஒரு பொய் சொல்வது எளிது. அதற்கு நாள்தோறும் சோறு போடுவதே அரிது. குழுத்தலைவனை மேற்பார்க்கும் பொறுப்பு அதே வான் தோர்னாவுக்கு உரியதாகையால், மனைவி நோயாளி, தாய்வீட்டில் இருக்கிறாள் என்று லெபரெக்ட் அடுத்த பொய்யைச் சொன்னான். ஊரார் அனைவரும் உண்மை அறிவர். ஆயினும் ஊரறிந்ததை அரண்மனை அறியாமல் காப்பது அவ்வூரார்க்குக் கைவந்த கலை. அவன்மேல் கொண்ட இரக்கத்தால் அல்ல, அவனை நோக்கி உள்ளூர நகைக்கும் இன்பத்தின்பொருட்டே காத்தனர். ஒட்டிலி அதன்பின் கணவன் அரங்கில் வாசிப்பதைக் கேட்டிலள்.

அவன் புகழ் வளர்ந்தது. வலக்கையின் மேற்பகுதி விலாவோடு ஒட்டியிருத்தல் வேண்டும் என்பது அவன் பள்ளியின் சட்டம். அதன்பொருட்டு மாணவர்தம் அக்குளில் தடித்த புத்தகமொன்றை இடுக்கச் செய்து, அது விழாமல் வில் இழுக்கப் பழக்குவான். விழுந்தால் தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். தொலைநாடுகளிலிருந்தும் இளைஞர் வந்து அவன் வீட்டிலேயே தங்கிப் பயின்றனர். அவர்களுள் ஒருவனாய் மேலாளரின் மருமகன் ஏகானும் வந்து சேர்ந்த நாளில், கூடத்தில் நின்ற பெண்ணைக் காட்டி இவர் யாரென அவன் வினவ, ஆசிரியன் தாளைப் புரட்டியபடியே, "சமையல்காரி" என்றான்.

"சமையக்காரம்மா, காப்பி கிடைக்குமா?" என்று ஏகான் நாள்தோறும் கேட்பான்.

"கிடைக்கும் தம்பி. புத்தகம் விழாமக் குடிச்சுக் காட்டு, இன்னொரு கிண்ணமும் தர்றேன்."

மாணவர் நகைத்தனர். ஆசிரியன் நகைக்கவில்லை, எனினும் திருத்தவும் இல்லை. சமையற்காரியிடம் வீட்டுத்தலைவன் எவ்வாறு பேசுவானோ அவ்வாறே, முதுகைக் காட்டிக்கொண்டும் ஏட்டை நோக்கிக்கொண்டும் பேசுவது அவனுக்கு முதலில் நடிப்பாய் இருந்து, பின்னர் இயல்பாயிற்று. அடுக்களைக் குரலும் நாளடைவில் ஓய்ந்தது. மாணவர் எத்துணைக் கொடுமையாய்ச் சுரம் தவறினும் அங்கிருந்து ஒரு சொல்லும் எழவில்லை. சினம் என்று எண்ணினான். பின்னர் அமைதி என்று எண்ணினான். இறுதியில் எண்ணுவதையே விட்டான்.

காலம் மேலாளரைக் கொண்டுபோயிற்று. முதிய கோமானையும் கொண்டுபோயிற்று. அரியணை ஏறிய இளங்கோமகள் பழைய வழக்கங்களுள் பலவற்றைக் குப்பையில் எறிந்தாள். விரும்பியோர் விரும்பியபோது கைதட்டலாம் என்றாள். நரைத்த லெபரெக்டுக்கு விழா எடுக்க முடிவுசெய்து, அவன் மனைவி தன்னருகே அமரவேண்டுமெனத் தோழி ஒருத்தியை வீட்டிற்கே அனுப்பினாள். தோழி ஒட்டிலியின் கைகளைப் பற்றி, முகம் நோக்கி அழைத்தாள். ஒட்டிலி சரியெனத் தலையசைத்தாள்.

விழா நாளின் பிற்பகலில் லெபரெக்ட் கண்ணாடிமுன் நின்று கழுத்துத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தான். பின்னே அவள் குனிந்து அவனுடைய மேலங்கியைத் துலக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை ஆண்டுகள் தொண்டையில் சிக்கிக் கிடந்தது அப்போது வெளிப்பட்டது. அதையும் அவன் கண்ணாடியில் தன் முகத்தை நோக்கியே சொன்னான்.

"ஒட்டிலி, அன்னைக்கு நான் பண்ணுனது ஈனத்தனம். அதுக்கப்புறம் பண்ணுனது எல்லாம் அதவிட ஈனம். என்ன மன்னிச்சுரு. இன்னைக்கு உனக்காகத்தான் வாசிக்கப்போறேன்."

அவள் விடை கூறவில்லை. அங்கியைத் துலக்கிக்கொண்டே இருந்தாள். அவன் நெஞ்சு வெந்தது. இத்துணை இறங்கி வந்தும் ஒரு சொல் அருளாத கல்நெஞ்சக்காரி என்று மனத்துள் வைதவாறே அரங்கிற்குச் சென்றான்.

ஆயினும் சொன்னபடியே வாசித்தான். பழைய அப்பாடலை எடுத்தான், ஏற்றத்தின் அடியில் மூச்சு வாங்கினான், ஏறினான். இறுதிச் சுரம் ஓய்ந்த கணத்தில் அவன் கண்கள் முன்வரிசையில் கோமகளுக்கு அருகே கருநிற உடையில் அமர்ந்திருந்தவளின் கைகளையே நோக்கின. அவை மடியில் கிடந்தன. அரங்கம் எழுந்து முழங்கிற்று. அவள் வலப்புறம் நோக்கினாள், இடப்புறம் நோக்கினாள், பிறர் கைகள் தட்டுவதைக் கண்டபின்னரே தானும் தட்டினாள்.

அம்பு தைத்தாற்போல் அவன் மேடையினின்று இறங்கி வந்தான். கோமகள் மகிழ்ச்சியோடு ஒட்டிலியின் பக்கம் திரும்பி வினவினாள்.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரரு எப்படி வாசிச்சாரு? நீங்கதான சொல்லணும்!"

"எனக்குத் தெரியலம்மா. காது போயி ரொம்ப வருசமாச்சு."

"ஐயோ! அப்ப நான் பேசுறது?"

"நீங்க நேரா என் முகத்தப் பாத்துப் பேசுறீங்க. உதட்ட வச்சுப் புரிஞ்சுக்குறேன். வீட்டுல படிக்கிற பசங்க எல்லாம் அப்படித்தான் பேசுவாங்க, நல்ல பசங்க."

"இவருக்குக் கூடவா தெரியாது?"

"தெரிஞ்சுக்குற மாதிரி ஒரு வேலையும் அவருக்கு வரலம்மா" என்றாள் ஒட்டிலி. அவள் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

நாட்டிலேயே நுண்ணிய செவி படைத்தவன் என்று அவ்விழாவில்தான் பாராட்டிதழ் வாசிக்கப்பெற்றவன், அவள்முன் முழந்தாளிட்டான். அவள் கைகளைப் பற்றினான். கண்ணாடியிடம் சொல்லி வீணாக்கிய அச்சொற்களை, நரை மீசையும் உதடும் ஒருங்கே நடுங்க, முகத்துக்கு நேரே முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். ஒட்டிலி முன்னே சாய்ந்து, கண்களைச் சுருக்கி, அவன் வாயையே உற்றுநோக்கினாள். எழுத்தறியாதவள் ஏட்டை நோக்குவதுபோல் நெடுநேரம் நோக்கினாள். பின்னர் மெல்லத் தலையை அசைத்தாள்.

"புரியலங்க. எல்லார் உதடும் படிக்கத் தெரியுது. உங்களோடது மட்டும் எனக்குப் பழக்கமில்ல."

அரங்கில் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. ஓயும்வரை அவன் எழவும் இல்லை. புகழ் ஆயிரம் செவிகளைத் தேடித் தரும், கற்றறிந்தோரே. ஒருவன் தன் சொல்லை இட்டுவைக்க விரும்பும் ஒரு செவி, அவன் இட்டுவைக்கத் துணியும் நாள்வரை திறந்தே கிடப்பதில்லை.