பெரிய மணி யாருக்கு?

வாருங்கள், வந்து இந்த அநியாயத்தைக் கண்ணாரக் காணுங்கள்! ஜாலான் புசார் சாலைக்கு அருகே நூறாண்டு கடந்த தேவாலயம் ஒன்று. அதன் கோபுரத்தில் மணிகள் இரண்டு. ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் பெரியதும் சிறியதும் சேர்ந்து முழங்கும். பெண் குழந்தைக்கோ சிறியது மட்டும் கிணுகிணுக்கும். ஏன் என்றால், பாரம்பரியமாம்! வாளிக் கழிப்பறையும் இந்த ஊரின் பழைய வழக்கம்தான். அதைத் திரும்பக் கொடு என்று நம்மில் எவராவது கேட்டோமா?

புளோராவுக்கு அன்று கை துறுதுறுத்தது. வாரநாளில் ரயில் நிலையத்தில் வேலை. ஞாயிறானால் சிறிய மணியின் கயிறு. கீழே ஞானஸ்நானத் தொட்டியருகே, அவளுடைய அண்ணன் அசோக்கின் கையில், கலியாணமாகி நெடுநாள் காத்திருந்து பெற்ற மகள். இந்த உலகம் அவளை வரவேற்கும் முதல் ஓசையே அரை ஓசையா? அத்தை என்று ஒருத்தி கோபுரத்தில் நின்றுகொண்டே அதற்கு உடந்தையா? புளோராவின் கண் பெரிய மணியின் கயிற்றுக்குப் போய்ப் போய் வந்தது. ஆனால் அந்த மணிக்கு இரண்டு ஆள் வேண்டும். தனியாக இழுத்தால் அசையும். அசைந்தபின் இழுத்த ஆளையே தூக்கிவிடும். இரண்டாவது ஆளோ, மணிக்கூண்டின் பொறுப்பாளர் சவரிநாதன்.

“அங்கிள், இன்னிக்கு ரெண்டையும் அடிப்போம்.”

“பொம்பளப் பிள்ளைக்குச் சின்னதுதான்மா. ஹெரிட்டேஜ்! டூர் வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?”

“எங்க காலத்துல மாத்திட்டோம்னு சொல்லுங்க.”

“ஸ்டேஷன்ல மைக் புடிச்சுப் பழகிட்ட. இங்கயும் வந்து அனவுன்ஸ்மென்ட்டா?”

“ஆமா. ட்ரெயின் கிளம்பிருச்சு அங்கிள். கதவுல நிக்காதீங்க.”

மூலையிலிருந்து சிரிப்பு வெடித்தது. புதுக் கயிறு கட்டிக் கொடுக்க வந்திருந்த ஹார்டுவேர் கடை யாக்கூப்தான் சிரித்தவர்.

“பாய், நீங்க ஒரு கை புடிங்களேன்” என்றாள் புளோரா.

“என் மக பொறந்தப்ப தெரு முழுக்க மிட்டாய் குடுத்தவன் நான். ஆனா இந்த முதுகு கேக்காது லா.”

அந்நேரம் கீழே தலையில் தண்ணீர் பட்டுக் குழந்தை வீறிட்டது. மணியடிக்க அதுதான் அடையாளம். சவரிநாதன் கையைக் கட்டிக்கொண்டார். புளோரா செருப்பை உதறினாள். பெரிய மணியின் கயிற்றைப் பற்றி, உடல் பாரம் முழுவதையும் அதில் போட்டுத் தொங்கினாள். மேலே மரச்சட்டம் முனகியது. மறுபடி தொங்கினாள். டாங்! என்று கோபுரமே அதிர்ந்தது. கயிறு மேலே பாய்ந்தது. கயிற்றோடு புளோராவும் பறந்தாள்.

“ஐயோ, மாதாவே!” சவரிநாதன் பாய்ந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். அவள் தரைக்கு வந்தாள். மணி மறுபடி முழங்கியது. பாதியில் விட்டால் கயிறு சவுக்காய் வீசும் என்பது அவருக்குத் தெரியாதா? இழுத்தார். அவளும் இழுத்தாள்.

“இது உன்னக் காப்பாத்த மட்டுந்தான், தெரிஞ்சுக்க!”

“தெரியும் அங்கிள். இன்னும் கொஞ்சம் நல்லாக் காப்பாத்துங்க!”

“இத என் முதுகு தாங்கும்” என்று யாக்கூப் சிறிய மணியைப் பிடித்துக்கொள்ள, இரண்டும் சேர்ந்து முழங்கின. சன்னல் வழியே புளோரா எட்டிப் பார்த்தாள். வாசலுக்கு வந்துவிட்ட அசோக், அழுகையை நிறுத்திய மகளைக் கோபுரத்தை நோக்கி உயரத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். சவரிநாதனின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தாளம் மட்டும் ஓரிடத்திலும் தவறவில்லை. வேண்டாவெறுப்பாக இழுக்கிறவர் இவ்வளவு அழகாக இழுப்பாரா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“அடுத்த ஞாயிறும் பொம்பளப் பிள்ளதான் அங்கிள்.”

“அதுக்குச் சின்னதுதான்” என்றார் அவர், மூச்சு வாங்க.

கேட்டீர்களா? தாய்மார்களே, தோழர்களே, இதைக் கேட்டுக் கைகட்டி நின்ற காலம் போதும். பெரிய மணியின் கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஏறி வந்து பிடியுங்கள்!