ஐந்து கிலோ கல்

அரசாங்கத் தராசு என்பதற்காக நம்பிவிட நான் என்ன பைத்தியமா? பன்னிரண்டு வருஷமாக நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் மீன் நிறுத்து விற்கிறவள். தராசு எங்கெங்கே பொய் சொல்லும் என்று இந்தக் கங்கம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தொண்ணூற்றாறில் எங்கள் குப்பத்துக்கு அந்த ஆராய்ச்சி வந்தது. அரசாங்கப் பணத்தில் நடக்கிறதாம். பச்சைப்பிள்ளைகள் எப்படி வளர்கின்றன என்று மாசாமாசம் நிறுத்து அட்டையில் எழுதுவார்களாம். மயிலாப்பூரிலிருந்து ஹம்சா என்ற பெண் வருவாள். கடிகாரம்போல முள் வைத்த தராசை வேப்பமரக் கிளையில் மாட்டி, பிள்ளையைத் துணிப்பையில் தொங்கவிடுவாள். எடை குறைந்திருந்தால் அன்றைக்கே சீட்டு எழுதி ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். குறையாவிட்டால் அடுத்த மாசம் பார்க்கலாம் என்பார்கள்.

என் வேதவல்லிக்குப் பதினொரு மாசம். அவளுக்கு முன்னால் பிறந்தது ஒரு வருஷம் தாண்டவில்லை. வயிற்றால் போய்ப் போய் வற்றி, என் மடியிலேயே போய்விட்டது. அதனால்தான், "ரத்தத்த எடுத்து வித்துடுவாங்கடி" என்று பக்கத்துக் கடை ஏஞ்சல் பயமுறுத்தியும் நான் கைநாட்டு வைத்தேன். ஆனால் ஒரு கண்ணை அந்த முள்மேலேயே வைத்திருந்தேன்.

போன மாசம் வேதா பத்து நாள் பேதியில் கிடந்தாள். அதற்கு முந்தின மாசம் ஆறு கிலோ எழுநூறு. பேதி நின்றபின் நிறுத்தபோது முள் ஏழு இருநூறு என்றது.

"அரைக் கிலோ ஏறியிருக்காளே, சமத்து!" என்று ஹம்சா கன்னத்தைக் கிள்ளினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேதியில் கிடந்த பிள்ளைக்கு அரைக் கிலோ எங்கிருந்து ஏறும், காற்றிலிருந்தா? ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் தட்டிக்கழிக்க முள்ளைத் திருகி வைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். என்னிடமே என் வித்தையா?

இந்த மாசமும் அதே ஏழு இருநூறு. வேதாவைப் பையிலிருந்து வெடுக்கென்று தூக்கினேன்.

"இன்னா மேடம், ஊர ஏமாத்தறியா? இவ இப்ப பஞ்சாட்டம் கீறா. என் கைக்குத் தெரியாதா?"

"நான் எதுக்கும்மா ஏமாத்தப்போறேன்?" ஹம்சாவின் முகம் சிவந்துவிட்டது.

"வா, காட்டறேன்."

என் கடைத் தராசில் வேதாவை உட்காரவைத்தேன். "மீன் தட்டுலயாடி புள்ளைய வெப்பே!" என்று ஏஞ்சல் கத்தினாள். நான் காதில் வாங்கவில்லை. எதிர்த் தட்டில் ஐந்து கிலோ கல், ஒரு கிலோ கல், ஐந்நூறு, இருநூறு. இரண்டு தட்டும் சமமாக நின்றன.

"ஆறு எழுநூறு. இப்ப இன்னா சொல்றே?"

ஹம்சா என் ஒரு கிலோ கல்லை வாங்கித் தன் தராசில் தொங்கவிட்டாள். முள் ஒன்றரையைத் தாண்டி, நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உப்புக் காத்துல ஸ்பிரிங் போயிடுத்து. ரெண்டு மாசமா எல்லாக் கொழந்தைக்கும் தப்பா எழுதிண்டிருந்திருக்கேன்."

அழுதாள். திருட்டு முழி இல்லை அது. திருடிக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையை எடுத்தாள். "உங்க கல்லுல அரசாங்க முத்திரை இருக்கு. அதையே எழுதிக்கறேன். ஆறு எழுநூறு. பழைய எடைதான், கொறையலை. அடுத்த மாசம் புதுத் தராசோட வரேன்."

அடுத்த மாசமா? என் முதல் பிள்ளைக்கு அந்த அடுத்த மாசம் வரவே இல்லை.

எதிரே கூடையோடு அன்வர் பாஷா நின்றிருந்தார். திருவல்லிக்கேணியில் மெஸ் வைத்திருப்பவர். ஆறு வருஷமாக வாராவாரம் என்னிடம் ஐந்து கிலோ மீன் வாங்குகிறவர். அவர் போகட்டும் என்று பார்த்தேன். போகவில்லை. வேதா தட்டில் தலை சாய்ந்து கிடந்தாள்.

"மேடம், அந்த அஞ்சு கிலோ கல்லு அஞ்சு கிலோ இல்ல."

"என்னது?"

"நூறு கிராம் கம்மி. அடி ஈயத்த நோண்டிட்டு மெழுகு வெச்சி அடைச்சிக்கீது. நான்தான் அடைச்சேன்." கல்லைப் புரட்டி மீன் கத்தியால் கீறிக் காட்டினேன். மெழுகு சுருள் சுருளாக வந்தது. "அப்போ இவ ஆறு அறுநூறு. கொறஞ்சிக்கீது. சீட்டு எழுது மேடம், உன் காலப் பிடிக்கிறேன்."

ஏஞ்சல் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கல்லும் அப்படித்தான். ஹம்சா சீட்டு எழுதினாள்.

அன்வர் பாஷா அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஆறு வருசம்மா," என்றார். கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சாலையில் இறங்கி ஓர் ஆட்டோவை மறித்தார். "ஏறு மொதல்ல. புள்ளையப் பாரு."

ஆஸ்பத்திரியில் வேதாவை மறுபடி நிறுத்தார்கள். நான் சொன்னது பொய்யாகிவிடக்கூடாதா, முள் இன்னும் கொஞ்சம் நகரக்கூடாதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஆறு அறுநூறில் நின்றுவிட்டது.

"சரியாச் சொல்லியிருக்கியேம்மா," என்றாள் நர்ஸ், கட்டில் நம்பரை எழுதிக்கொண்டே.

பன்னிரண்டு வருஷத்தில் நான் சரியாகச் சொன்ன எடை அது ஒன்றுதான். பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.