ஒரே வீட்டில் இருபத்து மூன்று பேஸ்மேக்கர்

எந்தப் பகுதியில் எத்தனை பேர் நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டார்கள் என்று பத்து ஆண்டுகளுக்கான வரைபடம் போடும் வேலை, சுகாதாரத் துறையின் புள்ளிவிவர அலுவலருக்கு வந்தது. வரைபடத்தில் நகரம் ஆண்டுக்கு ஆண்டு சிவந்துகொண்டே போனது. மலைப்பகுதி கடைசிவரை வெள்ளை. மலைக்காரர்களுக்கு இதயமே கிடையாதோ என்று இயக்குநர் சிரித்தார். புதிய இதயப் பிரிவை நகரத்துக்கே கொடுக்கக் கோப்பு தயாரானது. வியாழக்கிழமை கையெழுத்து.

அலுவலருக்கு உறுத்தியது. பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட அவள் மாமனார் மலையில்தான் இருக்கிறார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஏழு மணி நேரம் பேருந்தில் குலுங்கி வருகிறார். அவராவது ஒரு புள்ளியாக விழ வேண்டாமா? பதிவேட்டைப் புரட்டினாள். நகரத்தில் ஒரே வீட்டில் இருபத்து மூன்று பேருக்குக் கருவி. கதவு எண்ணைப் படித்தாள். அது அவள் வீடு.

போனில் மாமனார் அசரவே இல்லை. மலைக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வருவதற்குள் பரிசோதனைத் தேதி போய்விடுகிறதாம். அதனால் மருமகள் விலாசத்தைக் கொடுத்தாராம். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரரும் அதே விலாசத்தைக் கேட்டாராம், அப்புறம் அவருடைய சம்பந்தி. கடிதங்களை மகன் வாங்கி ஒவ்வொருவருக்கும் போனில் படித்துக் காட்டுகிறானாம். தபால்காரருக்காக வாசலில் காத்து நிற்கும் கணவனை அவள் வெகுநாளாக வேறு விதமாகச் சந்தேகித்திருந்தாள்.

"மாமா, நம்ம வீட்ல இருக்கிறதே ரெண்டு ரூம். அதுல இருபத்து மூணு பேஸ்மேக்கர் ஓடுது."

"எல்லாம் நல்லாத்தானேம்மா ஓடுது?"

இயக்குநரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். விலாசத்தை மாற்ற வேண்டுமானால் ஆளே நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் வியாழனுக்குள் என்றார் அவர்.

வியாழன் காலை மாமனார் ஒரு பேருந்தையே நிரப்பிக்கொண்டு வந்தார். அலுவலக வாசலில் உலோகச் சோதனைக் கருவி. அதன் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று ஒவ்வொருவரும் தன் பேஸ்மேக்கர் அட்டையை நீட்டினார். காவலாளி எல்லாரையும் கையால் தடவிப் பார்த்து முடிப்பதற்குள் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. சத்தம் கேட்டு இயக்குநரே கோப்போடு இறங்கி வந்தார்.

"மலையில மொத்தமே இவ்வளவு பேர்தானா?"

"டவுன்ல ஒரு விலாசம் கிடைச்சவங்க மட்டும்தான் சார் இது," என்றார் மாமனார். "கிடைக்காதவங்க கருவி இல்லாமலேயே அங்க இருக்காங்க."

இயக்குநர் உட்காரவில்லை. காவலாளியின் பேனாவை வாங்கி, கோப்பில் நகரம் என்றிருந்ததை நின்றபடியே அடித்தார்.