ராடு கை மாறும்வரை

1

இக்கதை ஒரு பிரசங்கத்தின் நடுவே பிறந்தது. கடலோரத்தில் மீனவர் நால்வரை ஆண்டவர் அழைத்தார், வலையை விட்டார்கள், பின்சென்றார்கள். கரையில் கிடந்த அந்த வலையை யார் மடித்து வைத்தார் என்ற ஐயம் எனக்கு எழுந்தது. பிரசங்கம் நீண்டது. ஐயம் வளர்ந்து கதையாயிற்று.

முதல் தொடக்கம்: 'பழவேற்காட்டு ஏரியின்மேல், அன்று கலிலேயாவின்மேல் விடிந்தது போலவே...'

(விட்டுவிடுகிறேன். நெய்தல் நிலத்தில் எழுதினால் சீடர்கள் தாமே எழுந்து போய்விடுகிறார்கள். கதாசிரியனுக்கு வேலையில்லை.)

2

ஆகவே சாலமோனை ஓர் எழுபத்தைந்தாம் ஆண்டு ஆடி மாதத்தில், கும்மிடிப்பூண்டி இரும்பு வார்ப்பு ஆலை ஒன்றின் உலை முன்னே நிறுத்தினேன்.* தகப்பன் பிறர் வயலில் உழைத்தவன். மகன் இரும்பு உருக்குகிறான். ஊழியத்துக்கு ஒருநாள் அழைப்பு வரவேண்டுமென்று சிறுவயது முதல் மன்றாடி வருபவன்.

உலையில் கசடு தள்ளும் நீண்ட கம்பியை அங்கே ராடு என்பார்கள். அதைத் தரையில் வைக்கலாகாது. மாற்று ஆளின் கையில் கொடுத்த பின்பே நகரலாம். விட்டுப்போனால் இரும்பு உலைக்குள்ளேயே இறுகிவிடும். அந்த ஷிப்டு யாருடையதோ அவன் வேலையும் போய்விடும்.

*நிலத்துக்கொரு தெய்வத்தை வகுத்த பழைய இலக்கணம் தொழிற்பேட்டையை மறந்துவிட்டது. அவ்விடத்தை மேஸ்திரி நிரப்புகிறார்.

3

அழைப்பு வந்தது. வெள்ளை அங்கியைக் கண்டு காவலாளி வழிவிட, சபைப் போதகர் பாக்கியராஜ் ஐயர் உலையடிக்கே வந்துவிட்டார்.

"சாலமோன், ஆந்திரா எல்லைச் சபைக்கு உபதேசியார் வேணும். பேராயர் வண்டி வாசல்ல நிக்குது. ஆண்டவர் கூப்பிடறார், ஏறு."

"வரேன் ஐயரே. சுப்பிரமணி வந்துரட்டும். இது அவன் ஷிப்டு."

"அவன் எங்க?"

"கொழந்தைக்கு அம்மை எறங்குனா வேப்பஞ்சேலை கட்டறேன்னு வேண்டிக்கினான். பெரியபாளையம் போயிருக்கான். சோத்து வேளைக்கு வந்துடறேன்னான்."

"பாத்தியா? அம்மன் கூப்பிட்டா அவன் ஓடறான். நீ நிக்கற."

"அவன் ராடை என் கையில குடுத்துட்டுல்ல ஓடுனான்."

(இவ்விடத்தில் சாலமோன் மனைவி ரோசம்மாளை நான் வைக்கவில்லை. புருஷனுக்குச் சோற்றுத்தூக்கோடு தானே வந்தாள்.)

"வலைய விட்டுட்டுப் போனாரே பேதுரு, அவரு பொண்டாட்டி இன்னா சொன்னான்னு யாரும் எழுதி வைக்கல ஐயரே. நான் சொல்றேன், எழுதிக்கோங்க. இப்பத்தான் இவரு பர்மனென்ட் ஆயிருக்காரு."

"ரோசம்மா, வண்டி நிக்காது. கடம்பத்தூர்ல ஒருத்தன் பெட்டி கட்டிக்கினு காத்துக்கினு இருக்கான்."

"அப்ப அவனுக்கும் ஆண்டவர் குரல் கேட்டுச்சா, வண்டிச் சத்தம் கேட்டுச்சா?"

4

மூன்று முடிவுகள் கைவசம் உள்ளன.

சாலமோன் ராடைப் போட்டுவிட்டு ஓடுகிறான். பிரசங்கத்துக்கு மிக உகந்தது. வேப்பிலை மணக்கத் திரும்பும் சுப்பிரமணிக்கு வேலையில்லை. அடியானை ஆட்கொள்ளும் இறைவன் பக்கத்து ஆளின் கூலியையும் சேர்த்தே ஆட்கொள்வானோ என்று எந்தத் துதிப்பாடலும்... (நிறுத்துகிறேன்.)

நிற்கிறான். வண்டி கடம்பத்தூர் போகிறது. மன்றாடிப் பெற்றதை ஒரு கம்பிக்காக இழந்தேனா என்று ஆயுள் முழுதும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்த நொடியில் சுப்பிரமணி வந்து சேர்கிறான். ஆடித் திருவிழாக் கூட்டத்தையும் அந்நாளைய பேருந்தையும் அறிந்த எவரும் இதை நம்பமாட்டார்.

5

வாசலில் வண்டி உறுமுகிறது. சாலமோன் கண்களில் நீர். உலைச் சூட்டினால் என்று எழுதி, அடித்துவிட்டேன்.

"ஐயரே, ஆண்டவரை ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுங்க."

"நான் சொல்லி அவர் நிப்பாரா?"

"நீங்க சொல்லித்தானே வந்தாரு," என்றாள் ரோசம்மாள்.

ஐயர் வாசலை நோக்கித் திரும்பிவிட்டார்.

வாசகரே, வண்டியை அடையுமுன் அவரைச் சில வரிகள் நடக்கவிட்டிருக்கிறேன். அதற்குமேல் என் வசமில்லை. சுப்பிரமணி வரும்வரை இவ்வுலைக்கு ஓர் ஆள் வேண்டும். கையுறை சுவரில் தொங்குகிறது. நீங்கள் ராடைப் பிடித்தால்தான் சாலமோன் கை காலியாகும். பிறகு அவன் வண்டியை நோக்கி ஓடுவானா, சோற்றுத்தூக்கின் அருகே உட்கார்ந்துவிடுவானா என்பது எனக்கும்...

நீட்டுகிறான். வாங்குங்கள். பார்த்து, சுடும்.