செவலை ஓடாது

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில்தான் வருங்கால மாமனாரை நான் பிளாக் செய்திருந்தேன். சத்தியமாக ஆள் தெரியாது.

'மலைக்காவல்' என்று ஒரு செல்போன் கேம். ஆடுகிறவர்களே தகவல் எழுதிச் சேர்க்க அதற்கு ஒரு விக்கி உண்டு. உத்தமபாளையத்தில் விதைக்கடை வேலை போக மிச்ச நேரத்தில் நான் அதற்கு அட்மின். விதிகள் எல்லாம் நான் வைத்தவைதான். கேமில் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ஸ்கிரீன்ஷாட் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது. ஒரே தவறை மூன்று முறை போட்டால் பிளாக்.

கேமில் செவலை என்று ஒரு நாய் வரும், எங்கள் பக்கத்து ஊர் கோம்பையின் இனம். தீயைக் கண்டால் ஓடிவிடும். 'கோம்பைக்காரன்' என்ற பெயரில் யாரோ வந்து, "எங்க ஊரு நாய் எதுக்கும் ஓடாது. எழுதினவன் பூனை வளர்க்கட்டும்" என்று மாற்றி வைத்தார். நீக்கினேன். மறுபடி போட்டார். நீக்கினேன். மூன்றாம் முறை, சனிக்கிழமை நாயைக் குளிப்பாட்டுவது எப்படி என்றும் சேர்த்துப் போட்டார். எரிச்சல் தாங்காமல் பிளாக் செய்துவிட்டுத் தலை பின்ன உட்கார்ந்தேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை கர்ணன் அப்பாவோடு வந்தார். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவர் அப்பா வீரணன் கோம்பையில் நாய் வளர்ப்பவர். உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தார்.

"இந்த அநியாயத்தைக் கேளுங்க. எவனோ ஒரு வெளங்காத பய இன்னைக்கு என்னையப் பிளாக் பண்ணிட்டான். செவலை ஓடுமாம்ல!"

காபித் தட்டைக் கீழே வைத்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் முடிந்துவிடும். ஆனால் அந்த 'வெளங்காத பய' சுருக்கென்று தைத்தது.

"பய இல்ல மாமா, நான்தான்," என்றேன். "ஸ்கிரீன்ஷாட் காட்டுங்க, பிளாக்கை எடுத்துடுறேன்."

அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். "ஏ பவானி, பெரியவுக கிட்ட பேசுற பேச்சா இது? என்ன நினைப்பாக!"

வீரணன் மகனிடம் கையை நீட்டினார். "ஏலே, போனைக் குடுறா."

பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. அவர் கேமைத் திறந்து, தீ வரும் கட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, கேம் பையிலிருந்த கறித்துண்டைச் செவலைக்குப் போட்டார். தீ வந்தது. செவலை அசையாமல் நின்றது.

"பட்டினி போட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போனா எந்த நாய் நிக்கும்? உங்கள்ல ஒருத்தருக்கும் அதுக்கு ஒரு வாய் போடணும்னு தோணலியா ஆத்தா?"

தோன்றவில்லைதான். எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கேயே பிளாக்கை எடுத்துவிட்டு, "பசியோடு இருந்தால் மட்டும் ஓடும்" என்று திருத்தி, கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரையும் போட்டேன். குளியலைச் சேர்க்கவில்லை.

அம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "சாப்பிடுங்க, பஜ்ஜி எம்பொண்ணு கையால போட்டது," என்றாள்.

வீரணன் ஒன்றை எடுத்து என்னைப் பார்த்தார். "ஸ்கிரீன்ஷாட் இருக்கா?"

கர்ணனும் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு.

"இல்ல மாமா. பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குனது."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். வீரணன் பஜ்ஜியை மென்று விழுங்கினார். பிறகு மகனிடம் திரும்பினார்.

"ஏலே, இனிமே நம்ம வீட்டுல நீ ஒரு பொய் சொல்ல முடியாது. சம்மதமா?"

"சம்மதம்ப்பா," என்று கர்ணன் சிரித்தார். "அந்தச் சனிக்கிழமைக் குளியலை மட்டும் திரும்பப் போடச் சொல்லுங்க. உங்க பேர்ல அதைச் சேர்த்தது நான்தான்."

"முடியாது," என்றேன். "அது கேம்ல இல்ல."

வீரணன் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு, நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார்.