பொத்தான் இரண்டாம் முறை இறந்த கதை

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. பிழை என்னுடையதன்று என்று நாற்பது ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிவருகிறேன்.

முதல் தொடக்கம்: ‘சிறுவயதில் படித்த நூல்களை மீண்டும் படிப்பது, பழைய தோழியைச்

(கைவிட்டேன். தோழியாவது! ஒன்பது பாகங்களையும் சென்ற வாரம் மீண்டும் படித்தேன். முதல் பாகத்தில் மட்டும் நாற்பத்தொரு முறை திடுக்கிடுகிறார்கள். கதவு திறந்தால் திடுக்கிடுகிறார்கள், மூடினாலும் விடுவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: ‘ஒரு நாய் இருந்தது.’ இது நிற்கட்டும்.

2

‘ஆற்றங்கரை நால்வர்’ என்பது தொடரின் பெயர். துப்பறியும் சிறுவர் நால்வர். உடன் பொத்தான் என்னும் நாய். நாலாம் பாகத்தின் இறுதியில் பொத்தான் வெள்ளத்தில் இறக்கிறது. முறைப்படி புதைக்கவும் செய்கிறார்கள். ஐந்தாம் பாகத்திலோ அதே நாய் எந்த விளக்கமுமின்றி வாலாட்டுகிறது. ஆறிலும் குரைக்கிறது. ஆசிரியர் மறந்துவிட்டார்.

இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் அழுதிருந்த என் தம்பிக்கு அப்போது ஏழு வயது. “பாத்தியாக்கா, வந்துடுச்சு!” என்றான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பதினொரு வயதான எனக்குத் தேவைப்பட்டது. பக்க எண்களுடன் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். ‘நீ ஒருத்திதான் கவனித்தாய், அடுத்த பாகத்தில் சரிசெய்கிறேன்’ என்று பதில் வந்தது. சரிசெய்தார். ஏழாம் பாகம், முதல் பக்கம்: ‘பொத்தான் இறந்தது இறந்ததுதான். பிறகு குரைத்தது அதே சாயலுள்ள அண்டை வீட்டு நாய்.’

தம்பி புத்தகத்தை அலமாரிக்குப் பின்னால் வீசினான். அதன்பின் பாடநூலையும் மின் அளவியையும் தவிர எதையும் வாசித்ததில்லை. கடிதத்தைப் பற்றி அவனிடம் நான் சொன்னதுமில்லை.*

* சொல்ல நேரம் வாய்க்கவில்லை என்று எழுதி அடித்தேன். நாற்பது ஆண்டுகள் நேரமல்லவா?

3

(தம்பி என்னும் பாத்திரத்தில் நம்பகத்தன்மை குறைவு. ஐம்பதை எட்டப்போகும் எலக்ட்ரீஷியன் ஒரு கற்பனை நாய்க்காக இன்னும் பொருமுவானா? பதிப்பாசிரியர் கேட்பார். பொருமுகிறான். நான் என்ன செய்ய?)

சென்ற வாரம், நான் மெய்ப்புத் திருத்தும் அச்சகத்துக்கு வந்தான். சட்டைப்பையில் டெஸ்டர், கையில் ஏழாம் பாகம்.

“பாப்பாவுக்கு தினம் படிச்சுக் காட்டுறேன். ஆறு முடிஞ்சிடுச்சு. நீ இதே எழுத்துல ஒரு வரி அடிச்சுக் குடுக்கா. அந்தப் பாழாப்போன வரி மேல ஒட்டிடுறேன்.”

“என்ன வரி?”

“நாய் நல்லா இருக்குதுன்னு.”

“எட்டுலயும் ஒன்பதுலயும் நாயே வராதேடா. எங்க போச்சுன்னு கேட்பா.”

“ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கிறேன்.”

“நாயா?”

“ஏன், நாய்க்கு ஊர் இருக்கக் கூடாதா? உனக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை!”

சம்பளம் வாங்கிக்கொண்டு பிழை களைபவள், கைக்காசு செலவழித்து ஒரு பிழையை அச்சிட்டேன். எரிச்சலில் மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் வீட்டு உணவு மேசையில் அந்தத் துண்டுத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தேன். தம்பி குளிக்கப் போயிருந்தான். எட்டு வயது மருமகள் எதிரே வந்து நின்றாள்.

“அத்தை, பொத்தான் நாலாம் பாகத்துலயே செத்துப்போச்சு, தெரியுமா?”

பசை விரலில் ஒட்டியது.

“அப்பா கவனிக்கவே இல்ல. குரைக்கிற மாதிரி சத்தமெல்லாம் போட்டுப் படிக்கிறாரு. நீங்க சொல்லிடாதீங்க, பாவம்.”

(இவ்விடத்தில் ‘நான் திடுக்கிட்டேன்’ என்று எழுதாதிருக்கப் பெரும்பாடு பட்டேன்.)

பதினொரு வயதில் பக்க எண்கள் வரை எனக்குத் தெரிந்திருந்தது. இவளுக்கு எட்டு வயதிலேயே தெரிந்திருந்தது, யார் அருகில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது.

5

முடிவு அ: கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், தம்பி சிரிக்கிறான். (சிரிக்க மாட்டான்.)

முடிவு ஆ: சொல்லாமல் வீடு திரும்புகிறேன், எல்லாரும் (யார் அந்த எல்லாரும்? நானுமா?)

நடந்தது இவ்வளவே. தலை துவட்டியபடி வந்த தம்பி, ஒட்டிய வரியைத் தடவிப் பார்த்தான். “தெரியவே இல்லக்கா. சூப்பர்!” என்றான். பிறகு, “நல்லா ஓடிக்கிட்டிருந்த கதை. எவனோ வேலையத்தவன் குறை சொல்லிக் கடுதாசி போட்டிருப்பான். இல்லேன்னா அந்த மனுஷன் ஏன் மாத்தப்போறாரு?” என்றான்.

மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி,” என்றேன்.

அடுத்த வாக்கியத்தைப் பதினேழு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். பதினேழிலும் இலக்கணப் பிழை இல்லை, ஒன்றைக்கூட அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவன் துண்டும் கையுமாக நின்று, “என்னக்கா?” என்று கேட்கிறான். வாசகரே, உங்களுக்கும் தம்பியோ தங்கையோ இருப்பார்கள். நீங்கள் சொல்லுங்கள், இம்முறை நான் திருத்த மாட்டேன்.