ஈரத்துக்கு மேல் மரத்தூள்

தண்ணீர்க் குழாயைக் குஞ்சுகளின் தட்டுக்குள் போட்டுவிட்டு நான் போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பழைய சினேகிதன் ஒருவன், இப்போ என்னப்பா பண்றே என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டான். விடுவேனா? கோழிப்பண்ணை, நானூறு குஞ்சு, எல்லாம் நம்ம மேற்பார்வைதான் என்று நான் அளந்துகொண்டிருந்த கால் மணி நேரத்தில், தட்டு நிரம்பி வழிந்து, தரையில் பரப்பியிருந்த மரத்தூள் ஒரு கட்டில் அகலத்துக்கு ஊறிப்போயிருந்தது.

அதுவரை நான் கை வைத்ததெல்லாம் மூடியாயிற்று. செருப்புக் கடை, ஜெராக்ஸ் கடை, நாலு மாதம் ஒரு டியூஷன் சென்டர். வாழ்க்கையில் நான் மூடாமல் விட்டது அந்தக் குழாய் ஒன்றைத்தான்.

பண்ணையும் என்னுடையது இல்லை, தங்கையுடையது. ஜெராக்ஸ் கடையும் போன பிறகு அவள் வீட்டு மாடி அறைக்கு நான் வந்து சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழைய கொட்டகையை ஒட்டி அவள் இன்னொன்று கட்டிக்கொண்டிருந்தாள். அதை என் பொறுப்பில் விடுவாளா என்பதுதான் ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு மிச்சமிருந்த ஒரே கேள்வி. எப்போது கேட்டாலும் "பாக்கலாம்ணே" என்பாள். சின்ன வயதிலிருந்தே அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். அந்த மரியாதையை நான் பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாதியும் போய்விடக் கூடாதே என்று ஈரத்தைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. காய்ந்த தூள் இரண்டு மூட்டையை அதன் மேல் கொட்டி, உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினேன். சவரம் செய்த கன்னம் மாதிரி இருந்தது. குஞ்சுகளுக்கு அப்போது பதினைந்து நாள். மஞ்சள் பஞ்சுக்கு நடுவே இறகு எட்டிப்பார்க்கிற வயசு. அதுகளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஏழாம் நாள் காலை தங்கை கொட்டகைக்குள் குந்தியிருந்தாள். தினமும் அவள் முதலில் பார்ப்பது எச்சத்தைத்தான். நகைக்கடைக்காரர் கல்லைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். வெள்ளை முனையோடு கெட்டியாக இருந்தால் எழுந்துவிடுவாள். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. எச்சம் தண்ணீராக, செம்பழுப்பாகக் கிடந்தது. நாற்பது குஞ்சுகளாவது சூட்டுக்காகத் தொங்கவிட்டிருந்த விளக்குக்கு அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இறகு சிலிர்த்து, இறக்கை தொங்க, கண்ணை மூடி நின்றன. தீனிப் பக்கம் ஒன்றும் போகவில்லை.

"ரத்தக் கழிச்சல்ணே" என்றாள்.

கால்நடை டாக்டரம்மா வந்தார். அதற்குள் செத்துப்போயிருந்த குஞ்சுகளில் ஒன்றை அறுத்து, குடலின் கடைசியில் இருக்கிற இரண்டு பைகளைக் கத்தரியால் திறந்து காட்டினார். உள்ளே ரத்தம் உறைந்து கிடந்தது. இந்தக் கிருமி எச்சத்தோடு வெளியே வருமாம். காய்ந்த தரையில் அவ்வளவாகத் தேறாதாம். ஈரமும் சூடும் சேர்ந்து கிடைத்தால் இரண்டே நாளில் பழுத்துவிடுமாம். அதைக் கொத்தித் தின்கிற குஞ்சின் குடல் சுவர் அரிபட்டுப் போகுமாம். தரை எங்கேயாவது நனைந்ததா என்று கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்து, ஓட்டை ஏதாவது இருக்கும் என்றேன். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.

குடிக்கிற தண்ணீரில் ஐந்து நாள் கலந்து கொடுக்க ஒரு பொடி தந்தார். அது எப்படி வேலை செய்யும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது, வயிறு சரியில்லாத பிள்ளைகளுக்கு ஒரு லீவு லெட்டரும் எழுதிக் கொடுங்கள் டாக்டர் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஜோக்கிலாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்ததில், அவர் கடைசியாகச் சொன்னது என் காதில் ஏறவில்லை.

அன்று மத்தியானமே தங்கை மரத்தூளை அள்ளினாள். மேலே காய்ந்த தூள், அடியில் கறுத்துக் கட்டிதட்டிப்போன தூள், மூக்கைத் துளைக்கிற நாற்றம். மண்வெட்டியோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் நாளே சாவு குறைந்தது. ஆனால் பிழைத்ததுகள் துணி மாதிரி துவண்டு கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அலமாரியில் வைட்டமின் டானிக் பாட்டில் இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் மாத்திரையோடு டானிக்கும்தானே கொடுத்தார்கள்? தங்கை மருந்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனதும், ஒவ்வொரு தட்டிலும் ஒரு மூடி தாராளமாகச் சேர்த்தேன். இரண்டு வேளையும், யாருக்கும் தெரியாமல். செய்ததற்கு ஈடுகட்டுகிறேன் என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

மறுநாள் ஒன்பது செத்தன. அதற்கடுத்த நாள் இருபத்தாறு. அதற்கும் அடுத்த நாள் எண்ணுகிற வேலையைத் தங்கை என்னிடம் கொடுக்கவில்லை.

டாக்டரம்மா மறுபடி வந்து தட்டை எடுத்து முகர்ந்தார். இதில் டானிக் ஊற்றியது யார் என்றார். மருந்து வைட்டமின் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே போகுமாம். கிருமி அதை நம்பித் தின்றுவிட்டுச் சத்தில்லாமல் சாகுமாம். நிஜ வைட்டமினையே கூட ஊற்றினால் மருந்தின் வேஷம் பலிக்காதாம், கிருமிக்கு விருந்தாம். "அஞ்சு நாளைக்கு டானிக் கூடாதுன்னு அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா" என்றார் தங்கையிடம்.

"நான்தான் மறந்துட்டேன் டாக்டர்" என்றாள் தங்கை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறந்தால் ஏதாவது ஜோக் வந்து தொலைக்குமோ என்று பயந்து, வாயை மூடிக்கொண்டேன்.

தண்ணீரை மாற்றி, முதலிலிருந்து ஐந்து நாள் மருந்து கொடுத்தாள். நூற்று முப்பது குஞ்சுகளுக்குமேல் புதைத்தோம். குழி மட்டும் நான் வெட்டினேன், அதில் கெடுக்க ஒன்றும் இல்லை. மிச்சமிருந்ததுகள் நடமாடத் தொடங்கின. பாதிக்குமேல் குட்டையாகவே நின்றுவிட்டன.

ஒரு வாரம் கழித்து அவள் புதுக் கொட்டகை வாசலில் தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டானிக் குடித்தது கிருமி, ஆனால் இளைத்தது நான் என்று ஆரம்பித்துப் பார்த்தேன். எடுபடவில்லை. அப்புறம் நேராகவே கேட்டேன், இந்தக் கொட்டகையை எனக்குத் தருவியா, மாட்டியா என்று. பாக்கலாம் என்பாள் என்றுதான் நினைத்தேன்.

தட்டைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தரமாட்டேன்ணே. மரத்தூளை அள்ளும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். அன்னிக்கு நான் வாயைத் தொறந்து கேட்டிருந்தா அந்த டானிக் பாட்டிலையாவது பூட்டி வச்சிருப்பேன். அண்ணனாச்சேன்னு பேசாம இருந்தது என் தப்பு. மாடி ரூம் உங்களுது. சாப்பாடு எப்பவும் உண்டு, கடைசி வரைக்கும் இருங்க. குஞ்சு இருக்கிற பக்கம் மட்டும் வராதீங்க."